விளக்கை அணைத்துவிட்டால் லைட்டவுஸ்காரருக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: போர் நடக்கிற காலத்தில் கலங்கரை விளக்கக் குடும்பத்தில் பிள்ளையாக வளர்வது எப்படி இருந்திருக்கும்? போர் என்றால் விளக்கை அணைத்துவிடுவார்களே, அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு அங்கே என்ன வேலை?

பின்பாதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எரிகிற விளக்கைவிட அணைத்து வைத்த விளக்குக்குத்தான் வேலை அதிகம். இது புரிந்துவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதும் பாதி புரிந்த மாதிரிதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. என் தாத்தா இரண்டாம் உலகப்போர் சமயத்தில் தூத்துக்குடிப் பக்கம் விளக்கு வேலை பார்த்தவர். அப்பா 1971 போரின்போது திருச்செந்தூருக்குத் தெற்கே லைட் கீப்பர். நானும் அதே இலாகாவில் சேர்ந்து ரிட்டயர் ஆனவன். தூத்துக்குடி 1986-இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதுவரை வேம்பாரிலிருந்து கூடங்குளம் வரைக்கும் கரை முழுக்க எங்களுக்குத் திருநெல்வேலி ஜில்லாதான்.

சரி, விளக்கை ஏன் அணைக்கிறார்கள்? ராத்திரி கடலில் போகிற கப்பலுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தனிக் கணக்கு உண்டு, இத்தனை வினாடிக்குள் இத்தனை முறை மின்னும் என்று. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினால் இது மணப்பாடு, இது பாண்டியன் தீவு என்று சொல்லிவிடலாம். இந்த வசதி நம் கப்பலுக்கும் உண்டு, பகைவன் கப்பலுக்கும் உண்டு. விளக்கு ஆள் பார்த்து மின்னாது. நீர்மூழ்கிக் கப்பலுக்கு இன்னொரு சௌகரியமும் இருக்கிறது: கரையில் வெளிச்சம் இருந்தால் அதற்கு முன்னால் போகிற சரக்குக் கப்பல் கறுப்பாக எடுத்துக் காட்டும். 1942-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள், சரக்குக் கப்பலுக்குப் பின்னால் தெரிந்த ஊர் வெளிச்சத்தை வைத்துக்கொண்டுதான் கப்பல் கப்பலாக மூழ்கடித்தன.

நம் பக்கத்து உதாரணம் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி அது சென்னைக்கு வந்தபோது ஊரில் இருட்டடிப்பு என்ற பேச்சே கிடையாது. நிதானமாகக் குறிபார்த்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அடுத்த மாதம் லட்சத்தீவின் மினிக்காய்ப் பக்கம் போய் நின்றுகொண்டு அங்கே வந்த கப்பல்களையும் வரிசையாகப் பிடித்தது. மினிக்காயில் 1885-இல் கட்டிய பெரிய விளக்கு இருக்கிறது. ஏடனுக்கும் கொழும்புக்கும் போகிற கப்பல்கள் அந்த விளக்கை ஒட்டித்தான் போகும். எம்டனின் கேப்டனுக்கு அது தெரியாமலா இருக்கும்?

அதற்காக மொத்தமாக அணைத்துவிட்டால் முதலில் பாறையில் ஏறுவது நம் கப்பல்தான். 1942 ஜூன் 20 அன்று கனடாவின் வான்கூவர் தீவில் எஸ்டெவன் முனை விளக்கை ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று பீரங்கியால் சுட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கரையோர விளக்குகளை அணைக்கச் சொன்னதில் அவர்களுடைய சொந்தக் கப்பல்கள்தான் தடுமாறின. அதனால் இரண்டு உலகப்போர்களிலும் பல நாடுகளில் ஒரு நடுவழிதான் கடைப்பிடிக்கப்பட்டது. விளக்கு அணைந்தே இருக்கும். நம் கப்பல் வரப்போகிறது என்று செய்தி வந்தால் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் ஏற்றுவார்கள். சில இடத்தில் அணைக்காமல் வெளிச்சத்தை மட்டும் குறைத்தார்கள்.

நம் கரைக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. பம்பாயிலிருந்து விசாகப்பட்டினம் போகிற கப்பல் பாக் நீரிணை வழியாகக் குறுக்கே போக முடியாது. சேது அணைப் பக்கம் ஆழம் கிடையாது. கன்னியாகுமரியைத் தாண்டி, மன்னார் வளைகுடாவின் வாசலைக் கடந்து, இலங்கையைத் தெற்கே சுற்றித்தான் போயாக வேண்டும். 1971 நவம்பர் 14 கராச்சியிலிருந்து புறப்பட்ட பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜியும் அப்படிச் சுற்றித்தான் வங்கக் கடலுக்குப் போனது. நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடிப் போன அது டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. செய்தி வந்த அன்று அப்பா சுவரில் இருந்த கடல்வரைபடத்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். "நம்ம வாசல் வழியாத்தாம்லே போயிருக்கான்" என்றார். வாசல் என்றால் பல மைல் தள்ளி, ஆழ்கடலில். இருந்தாலும் அன்றைக்கு அம்மா எங்களைக் கடலோரம் விளையாடப் போகவிடவில்லை.

இனி அந்த வேலை. எங்கள் விளக்கு அப்போதும் மண்ணெண்ணெயில்தான் எரிந்தது. திரி விளக்கு அல்ல. தொட்டியில் எண்ணெயை ஊற்றிக் கைப்பம்பால் காற்றடித்து, சூடேறிய குழாய் வழியாக ஆவியாக்கி, மேன்டில் என்ற வலைப்பையில் எரிய விடுவது. பெட்ரோமாக்ஸின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்பிரிட்டைப் பற்றவைத்துக் குழாயைச் சூடேற்ற வேண்டும். பதறினால் ஆவியாகாத எண்ணெய் பீய்ச்சி அடித்துக் குப்பென்று தீப்பிடிக்கும். லென்ஸ் முழுக்கக் கரி. அந்தக் கரியைத் துடைத்தெடுக்க மறுநாள் பகல் பூராவும் போய்விடும். ஒரு தடவை எரிந்த மேன்டில் சாம்பல்தான். படியில் யாராவது தடதடவென்று ஏறினாலே உதிர்ந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் யாரும் ஓடியதில்லை. இன்றைக்கும் நான் மாடிப்படி ஏறினால் சத்தம் கேட்காது என்று என் மனைவி சொல்வாள்.

விளக்கைச் சுற்றி நிற்கிற லென்ஸ், பிரான்சில் பிரெனெல் 1822-இல் கண்டுபிடித்த முறையில் அடுக்கடுக்காக வைத்த பட்டகக் கண்ணாடி. பெரிய லென்ஸ் என்றால் எடை டன் கணக்கில் வரும். அது பாதரசத் தொட்டியில் மிதந்துகொண்டு சுற்றும், ஒரு விரலால் தள்ளினால் நகரும். சுற்றவைப்பது கடிகாரப் பொறிதான். கோபுரத்தின் நடுவே சங்கிலியில் ஒரு எடைக்கட்டி மெல்ல மெல்ல இறங்கும். அடியைத் தொடுமுன் கைப்பிடியைச் சுற்றி மேலே ஏற்றிவிட வேண்டும், ராத்திரி முழுக்க. பகலில் லென்ஸைச் சுற்றித் திரை போடுவோம். போடாவிட்டால் சூரிய வெளிச்சத்தை லென்ஸ் குவித்து உள்ளே இருக்கிற பொருளைக் கருக்கிவிடும்.

இப்போது அணைத்து வைத்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள். ஏற்று என்று எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று தெரியாது. சொன்னால் உடனே ஏற்றியாக வேண்டும். ஸ்பிரிட் ஊற்றிவைத்த கிண்ணம், மாற்று மேன்டில், காற்றடித்த தொட்டி, முழுக்க ஏற்றிய எடை எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் வெளிச்சம் இல்லாமல் கையால் தடவித்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் மேலே டார்ச் அடித்தால் கண்ணாடி அறை முழுக்கப் பளிச்சென்று கடலுக்குத் தெரியும். விளக்கு எரிகிற நாளில் அப்பாவும் உதவியாளரும் முறை வைத்துத் தூங்குவார்கள். அணைந்த நாட்களில் இரண்டு பேருமே முழித்திருப்பார்கள், விளக்கு வேலையோடு கடலைப் பார்க்கிற வேலையும் சேர்ந்துவிட்டதால். தெரியாத கப்பல், தாழப் பறக்கிற விமானம், வழக்கமில்லாத வெளிச்சம் எதுவானாலும் நேரம், திசையோடு பதிவேட்டில் ஏறும். எங்களிடம் போன் கிடையாது. அவசரம் என்றால் சீட்டை எழுதி ஒட்டி சைக்கிளில் ஒரு ஆளை அனுப்ப வேண்டும்.

இரண்டு பேரும் மேலே இருந்தால் அடுப்படியிலிருந்து எழுந்து போய்க் கைப்பிடியைச் சுற்றுவது யார்? அம்மாதான். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவாள். எண்ணிக்கை தப்பினால் எடை மேல்தட்டில் போய் இடிக்கும். இந்த நாட்டில் மட்டும் இல்லை, பல நாட்டுக் கலங்கரை விளக்கங்களிலும் கீப்பரின் பெண்டாட்டி சம்பளமில்லாத இன்னொரு கீப்பராகத்தான் இருந்தாள். பதிவேட்டில் அவள் பெயர் இருக்காது. எங்கள் அம்மா பெயரும் எந்தப் பக்கத்திலும் இல்லை, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு தேடிப் பார்த்துவிட்டேன்.

1971-இல் என்ன உத்தரவு வந்தது என்று அப்பா கடைசிவரை எங்களிடம் சொன்னதில்லை. சில ராத்திரி எரிந்தது, சில ராத்திரி எரியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் நிலா நன்றாக ஞாபகம் இருக்கிறது. டிசம்பர் 2 பௌர்ணமி. மறுநாள் சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்கள் வடக்கே நம் விமானத் தளங்களைத் தாக்கிப் போர் மூண்டது. ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டு, அடுப்பு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று கட்டளை வந்த முதல் ராத்திரிகளில் தேரி மணல் பட்டப்பகல் மாதிரி கிடந்தது. கோபுரத்தின் நிழல் பனங்காடு வரைக்கும் நீண்டது. "இதுக்குத் தாள ஒட்டி என்னத்துக்கு? அந்த நெலாவுக்குல்லா ஒட்டணும்" என்று அம்மா சலித்துக்கொண்டாள். அப்புறம் தினமும் நிலா தேய்ந்தது. டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது கிட்டத்தட்ட அமாவாசை. போர் முற்ற முற்ற ராத்திரியும் இருண்டுகொண்டே போனதை அத்தனை துல்லியமாகப் பார்த்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு நிலா எப்போது உதிக்கிறது என்று யார் கணக்கு வைத்தார்கள்?

கடல்காரர்களுக்கு அந்தக் கணக்கு உண்டு. நிலா இல்லாத ராத்திரிதான் வலை நிறையும். அந்த ராத்திரிகளில்தான் விளக்கு இல்லாமல் போ, தூரம் போகாதே என்றார்கள். வாடைக்காற்று வேறு. வழக்கமாக ராத்திரி மீன் பிடிக்கிறவர்கள் எங்கள் விளக்கைப் பார்த்துத்தான் கரைக்கு நேர் பிடிப்பார்கள். விளக்கு எரியாத நாட்களில் விடிகிறவரை வெளியே கிடந்துவிட்டு, கோயில் கோபுரமும் பனையும் கண்ணில் பட்ட பிறகு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற பெரியவர் ஒருவர் வாசலில் நின்று, "சாரே, ஒரு ரெண்டு நிமிசம் போட்டு அணைக்கப்பிடாதா? பிள்ளைய கடல்ல கெடக்கு" என்று கேட்டார். அப்பா பதில் பேசாமல் நின்றார். அப்புறம், "அண்ணாச்சி, என் கையில இல்ல" என்றார். அவர் போன பிறகு அன்றைக்கு வாங்கிய மீனை அப்பா சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடத்தில் வேறு விதமான தொந்தரவு. நான் படித்தது கடற்கரை ஊர் மிஷன் பள்ளிக்கூடம். அதுவரை லைட்டவுஸ் பிள்ளை என்றால் ஒரு மரியாதை உண்டு, மேலே ஏற்றிக் காட்டுவான் என்கிற நப்பாசையில். போர் வந்ததும் முதலில் நின்றது அதுதான். வெளியாள் ஒருத்தரும் படியேறக் கூடாது. மேலே என்ன இருக்கிறது, எப்போது ஏற்றுவார்கள் என்று யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும், வாத்தியார் கேட்டாலும் சரி. பத்து வயதுப் பையன் தெரியாது தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னால் மற்ற பிள்ளைகளுக்கு என்ன தோன்றும்? "ஏல, ஒங்க அப்பா பாகிஸ்தான்காரனுக்கு லைட் அடிச்சிக் காட்டுதாராமே?" என்று ஒருத்தன் கேட்டான். அடித்துக்கொண்டோம். சட்டை கிழிந்தது. விளக்கு எரிந்த மறுநாள், "நேத்து ஏன் எரிஞ்சிச்சு?" எரியாத மறுநாள், "நேத்து ஏன் எரியல?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

ஊரில் நிலவிய பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. 1965 போரில் செப்டம்பர் 7 ராத்திரி பாகிஸ்தான் போர்க்கப்பல்கள் துவாரகை மேல் குண்டு வீசின. கோயிலுக்குச் சேதமில்லை, பெரும்பாலான குண்டுகள் வெறும் மண்ணில் விழுந்தன. ஆனால் கடலோரக் கோயில் ஊரைச் சுட்டார்கள் என்ற செய்தி மட்டும் நம் பக்கத்தில் நன்றாகத் தங்கிவிட்டது. 1971-இல் திருச்செந்தூரில் கேட்காத வாய் இல்லை: அங்கே கிருஷ்ணன் என்றால் இங்கே முருகன், அடுத்தது நம்ம கோயில்தானா? கராச்சியிலிருந்து துவாரகை எவ்வளவு கிட்டே, திருச்செந்தூர் எவ்வளவு தொலைவு என்று அப்பா படம் போட்டு விளக்குவார். அவர் விளக்க விளக்கக் கேட்பவருக்கு, இவருக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும் என்ற சந்தேகம் வரும். கொஞ்ச நாளில் விளக்குவதை நிறுத்திவிட்டார்.

மற்றபடி போர் எங்களுக்கு ரேடியோவில்தான் நடந்தது. பாட்டுக்கு இலங்கை வானொலி, செய்திக்கு ஆகாசவாணி. டிசம்பர் 9-இல் டையூ பக்கத்துக் கடலில் நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கியதில் 194 பேர் போனார்கள், கேப்டன் முல்லாவும் கப்பலோடு போனார். அதைக் கேட்ட நாளில்தான் இது கதை இல்லை என்று எனக்கு உறைத்தது. அதுவரை போர் என்பது பள்ளிக்கூடச் சண்டைக்கு ஒரு பெரிய வடிவமாகத்தான் மனசில் இருந்தது.

இப்போது தாத்தா காலத்துக்கு வருகிறேன். அது இதைவிடச் சிக்கலானது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆச்சி சொன்னதுதான், தாத்தா வாய் திறக்கமாட்டார்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு கடல்வழி சுமார் 280 கிலோமீட்டர்தான். கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், எங்கள் ஜில்லாக்காரர்கள் அத்தனை பேர் அங்கே இருந்தார்கள். குண்டு விழுந்த பிறகு குடும்பம் குடும்பமாக ஊருக்குத் திரும்பினார்கள். நான்கு நாளில், ஏப்ரல் 9, திரிகோணமலைக்கும் அதே கதி. மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மெஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தார்கள். அடுத்தது தூத்துக்குடிதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அன்றைய தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரைக்கு வராது, ஆழமில்லை. மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போடும், தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிவரும். அசையாமல் நிற்கிற கப்பல், அதற்கு வழிகாட்டுகிற விளக்கு, அந்த விளக்கடியில் தன் புருஷன். ஆச்சி இதை ஒரே மூச்சில் சொல்வாள்.

அப்படிப் பயந்தது வீண் பயமும் இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் தீவு என்று ஒரு சின்னத் தீவு. அங்கே தென்முனை விளக்கின் மேல் 1941 டிசம்பரில் ஜெர்மானிய விமானம் சுட்டதில் உதவிக் காப்பாளரின் மனைவி இறந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1942 ஜனவரி 21 அன்று அதே இடத்தில் விழுந்த குண்டில் தலைமைக் காப்பாளரின் மனைவியும் மகளும் போனார்கள். விளக்குக் குடும்பத்துக்குப் போரில் என்ன நேரும் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நம் கரையில் நாங்கள் அனுபவித்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆச்சியை உண்மையில் வாட்டியது மண்ணெண்ணெய். பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் இரண்டு பொருள் ஒரே சமயத்தில் நின்றுபோயின, அரிசியும் மண்ணெண்ணெயும். அரிசிக்குப் பதில் கம்பும் கேப்பையும் தின்னலாம். மண்ணெண்ணெய்க்குப் பதில் என்ன செய்வது? ஆறு மணிக்குமேல் தெருவே இருட்டு. அந்த ஊரில் டின் டின்னாக எண்ணெய் அடுக்கியிருந்தது ஒரே ஒரு இடத்தில், தாத்தா வேலை பார்த்த இடத்தில். அதுவும் விளக்கு எரியாத ராத்திரிகளில்! "எரியாத விளக்குக்கு எதுக்கு எண்ணெ? சொக்காரனுக்கு ஒரு போத்தல் குடுத்தா என்ன?" என்று உறவுக்காரர்களே கேட்டார்கள். ஒவ்வொரு அவுன்ஸுக்கும் கணக்கு, எரியாத ராத்திரிக்கு எண்ணெய் குறைந்தால் வேலை மட்டும் இல்லை, போர்க்காலச் சட்டத்தில் ஜெயிலே உண்டு என்று எத்தனை பேரிடம் சொல்லிப் புரியவைப்பது? கேட்டுக் கிடைக்காதவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆச்சியின் சொந்தத் தங்கை வீட்டிலேயே ஒரு பிரசவம் இருட்டில் நடந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டோடு போக்குவரத்து சரியாகவே இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளில்கூட அந்தத் தங்கை வந்தால் ஆச்சி அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

ஏப்ரலில் கடலைப் பார்த்துப் பயந்தவர்கள் செப்டம்பரில் கரையைப் பார்த்துப் பயந்தார்கள். வெள்ளையனே வெளியேறு இயக்கம் எங்கள் ஜில்லாவில் வேகம் பிடித்து, செப்டம்பர் 20 அன்று குலசேகரப்பட்டினத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் துரை கொல்லப்பட்டார். அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டு, பின்னால் உயிர் தப்பினார்கள். உப்பு இலாகாவும் விளக்கு இலாகாவும் பார்க்க ஒரே மாதிரிதான், கடலோரம் தனியாக ஒரு சர்க்கார் கட்டடம், அதற்குள் சர்க்கார் சம்பளம் வாங்குகிற ஒரு குடும்பம். தாத்தாவின் மச்சினர், அதாவது ஆச்சியின் தம்பி, கதர் கட்டியவர். அவர் வீட்டுக்கு வந்தால் தாத்தாவுக்கு வேலை போகும். வராதே என்று சொன்னால் ஆச்சிக்குப் பிறந்தவீடு போகும். அவர் வரவில்லை, ஆச்சியும் கூப்பிடவில்லை. ஐந்து வயதில் இருந்த என் அப்பா, "மாமா ஏன் வரல?" என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறார்.

அதே செப்டம்பர் கடைசியில் மலபார்க் கரையில் தானூரில் ஜப்பானிய நீர்மூழ்கியிலிருந்து சிலர் வந்து இறங்கினார்கள். பினாங்கில் பயிற்சி பெற்று நாட்டு விடுதலைக்காக வந்தவர்கள். அவர்களில் ஒருவரான வக்கம் காதரை 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். விளக்கின் மேலே நின்று இருட்டில் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவருக்கு, வருகிறவன் ஜப்பான்காரனாகவும் இருக்கலாம், இப்படிப்பட்டவனாகவும் இருக்கலாம். பார்த்தால் எழுதுவாரா, எழுதாமல் விடுவாரா? தாத்தாவிடம் நான் ஒரு தடவை இதைக் கேட்டேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அத்தோடு சரி.

பிள்ளைகளுக்கு இன்பமே இல்லையா என்றால், இருந்தது. விளக்கு எரியாத நாட்களில் அப்பா பாதரசத்தை இறக்கித் தோலில் வடிகட்டிச் சுத்தம் செய்வார். அப்போது தரையில் தெறிக்கிற துளிகள் எங்களுக்கு. ஒரு துளியை விரலால் தட்டினால் பத்தாகும், உள்ளங்கையைக் குவித்தால் பத்தும் ஒன்றாகும். தீப்பெட்டியில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அதன் ஆவி நரம்பைக் கெடுக்கிற விஷம் என்று நான் வேலைக்கு வந்த பிறகுதான் இலாகாவில் எச்சரிக்கை சொன்னார்கள். குண்டுக்குப் பயந்து கடலோரம் அனுப்பாத அம்மா, தீப்பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனாள்.

இப்போது போர் வந்தால் விளக்கை அணைப்பார்களா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2025 மே மாதம் நாடெங்கும் இருட்டடிப்பு ஒத்திகை நடந்தபோது என்னிடமே நாலு பேர் கேட்டார்கள். விமானத்துக்கும் ஏவுகணைக்கும் இன்று விளக்கு தேவையில்லை, அணைத்தாலும் அவற்றுக்கு நஷ்டமில்லை. மாறாக, போர்க்காலத்தில் முதலில் குழம்புவது ஜிபிஎஸ். அதைத் தடம்புரட்டுவது இப்போது சர்வசாதாரணம். ஜிபிஎஸ் பொய் சொல்கிற ராத்திரியில் கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய ஒரு விளக்கு இருப்பது நம் கப்பலுக்கு லாபம், வள்ளக்காரருக்கு அதைவிட லாபம். கேட்டால் எரியவிடு என்றுதான் நான் சொல்வேன்.

எங்கள் கதை 1972 கோடையில் முடிந்தது. அப்பாவுக்கு மாற்றல் வந்தது. மேலே யாரும் ஏறக் கூடாது என்ற தடையைப் போர் முடிந்த பிறகும் எடுக்கவில்லை என்பதால், சட்டையைக் கிழித்தவனுக்கு விளக்கைக் காட்டுகிறேன் என்று கிறிஸ்துமஸுக்குச் சொன்ன வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. புது ஊரில் விளக்குக்குக் கரண்ட் வந்திருந்தது, எடைக்கட்டி கிடையாது. அம்மா முதல் வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "இங்கன என்ன செய்யுறது?" என்று அப்பாவைக் கேட்டாள். "தூங்கு" என்றார்.